மூன்று குடும்பங்கள், நான்கு நாள், தோபா ஏரி: பாடாங் செராயில் வகுக்கப்பட்ட ஒரு சிக்கனச் சுற்றுலாத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ள பாடாங் செராய், சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த பட்டணம். பால்மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டு, லயத்து வீடுகளில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அக்கம்பக்கத்தாராகவே வாழ்வது இங்கே வழக்கமாக இருக்கிறது. இந்த ஆய்வில் வரும் குடும்பங்களும் அப்படிப்பட்டவையே. அவர்களுடைய செலவுக் கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து எழுதியவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் குடும்பத்தில் ஐவர்: செம்பனை ஆலையில் வேலை செய்யும் கணவர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் மனைவி, 14 மற்றும் 10 வயதுப் பிள்ளைகள் இருவர், பால்மரம் சீவியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த 68 வயதுத் தாயார். இரண்டாவது குடும்பத்தில் கூலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் கைம்பெண்ணும் அவருடைய 19 வயது மகனும் இருந்தனர். மூன்றாவது குடும்பம், 64 வயதில் காவலாளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரும் அவருடைய 59 வயது மனைவியும். நான்காவதாக, வயதான தாயாருடன் மூவர் கொண்ட குடும்பம் ஒன்றும் முதல் கூட்டத்தில் கலந்துகொண்டது.

திட்டமிடும் எண்ணம் ஒரு கசப்பிலிருந்து வந்தது. முதல் குடும்பம் அதற்கு முந்தைய ஆண்டு கேமரன் மலைக்குச் சென்றுவர நகையை அடகு வைத்திருந்தது. மூன்று நாள் பயணத்திற்காக வைத்த வளையலை மீட்பதற்கு ஏழு மாதம் பிடித்தது. இம்முறை கடனோ அடகோ இல்லாமல் வெளிநாடு ஒன்றுக்குச் சென்றுவர வேண்டும் என்பது 2024 பிப்ரவரியில் நான்கு குடும்பங்களும் எடுத்த முடிவு.

இடம் தேர்ந்த விதம்

நான்கு இடங்கள் பேசப்பட்டன. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் விமானக் கட்டணமே ஒருவரின் மொத்தச் செலவு வரம்பில் பாதிக்கு மேல் விழுங்கியது. லங்காவிக்குப் படகில் மலிவாகப் போகலாம் என்றாலும், பள்ளி விடுமுறையில் அங்கே அறை வாடகை ஏறிவிடும் என்பதோடு, பிள்ளைகள் விமானத்தில் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றனர். இந்தோனேசியாவில், வட சுமத்திராவின் மேடான் நகரமும் தோபா ஏரியும் எஞ்சின. பினாங்கிலிருந்து நேரடி விமானத்தில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான தொலைவு. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. மலாய் மொழி தெரிந்தவர்களுக்கு அங்கே பேச்சுவழக்கில் சிரமம் இல்லை. இரண்டாவது பினாங்குப் பாலம் வழியாகப் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை எளிதில் அடைந்துவிடலாம்.

இன்னொரு காரணம் பணம் சார்ந்ததன்று. மேடானைச் சுற்றியுள்ள டெலிப் பகுதியில் 1863இல் தொடங்கிய புகையிலைத் தோட்டங்களுக்குச் சீனர், சாவகரோடு தமிழரும் கூலிகளாகச் சென்றனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழும் கம்போங் மெட்ராசும் அங்குள்ள மாரியம்மன் கோயிலும் மேடான் நகரின் நடுவிலேயே இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்த தாயாருக்கு ஏரியைவிட அந்த இடத்தைப் பார்ப்பதே முதன்மையாக இருந்தது.

கடப்பிதழ்ச் சோதனையும் நான்காவது குடும்பமும்

பணம் சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே, எல்லாருடைய அடையாள அட்டைகளும் கடப்பிதழ்களும் ஒரே நாளில் மேசையில் வைத்துப் பார்க்கப்பட்டன. முதல் குடும்பத்துத் தலைவரைத் தவிர மற்றவர்களிடம் செல்லுபடியாகும் கடப்பிதழ் இல்லை. குடிநுழைவுத் துறையின் கட்டணம் 13 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு 200 ரிங்கிட். 12 வயதும் அதற்குக் குறைவும் உள்ள பிள்ளைகளுக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கும் 100 ரிங்கிட். தாயாருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஓய்வுபெற்ற காவலாளிக்கும் தலா 100 ரிங்கிட். எஞ்சிய ஐவருக்கும் தலா 200. அறுபதை எட்ட ஓராண்டே இருந்த காவலாளியின் மனைவிக்கு முழுக் கட்டணம் விழுந்ததில் அவருக்கு இன்றளவும் வருத்தம் உண்டு.

நான்காவது குடும்பத்துத் தாயாரின் அடையாள அட்டை சிவப்பு நிறம், அதாவது குடிமகள் அல்லாத நிரந்தரவாசிக்குரியது. தோட்டத்திலேயே பிறந்து, பிறப்புப் பதிவு சரியாக இல்லாமல் நிரந்தரவாசியாகவே வாழ்ந்துவரும் முதியவர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கின்றனர். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. அவரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று மகன் சொன்னார்; தாயாரும் "நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்றே சொன்னார். மருமகள் அதை ஏற்கவில்லை. அக்குடும்பம் விலகிக்கொண்டது.

இதன் விளைவு கணக்கிலும் தெரிந்தது. வாடகை வண்டிச் செலவு 12 பேருக்குப் பதில் 9 பேரால் வகுபட்டபோது, ஐந்து நாள் திட்டத்தில் தலைக்கு 50 ரிங்கிட் கூடியது. பணம் கட்டிய பிறகு இது தெரிந்திருந்தால், மனத்தாங்கலும் சேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதல் மதிப்பீட்டில் விடுபட்டவை

இரண்டாவது குடும்பத்து மகன் கைப்பேசியிலேயே போட்ட முதல் கணக்கு தலைக்கு 972 ரிங்கிட் என்று காட்டியது. ஒரு ரிங்கிட்டுக்கு 3,600 ரூப்பியா என்ற மாற்று விகிதத்தில், ஐந்து நாள், நான்கு இரவுகளுக்கான கணக்கு அது: விமானச் சீட்டும் குடும்பத்திற்கு ஒரு பெட்டியும் சேர்த்து 3,000 ரிங்கிட், ஓட்டுநருடன் கூடிய பெரிய வேனுக்கு நாளொன்றுக்கு 13 லட்சம் ரூப்பியா வீதம் 1,806 ரிங்கிட், நான்கு அறைகளுக்கு நான்கு இரவும் சேர்த்து 1,667, உணவுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூப்பியா வீதம் 1,875, படகும் நுழைவுக் கட்டணங்களும் 400. ஆயிரத்திற்குள் முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி.

வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்கும் ஆகும் செலவு அதில் இல்லை. கடப்பிதழ்கள் 1,300 ரிங்கிட். பாடாங் செராயிலிருந்து பாயான் லெப்பாசுக்குப் போகவும் வரவும் வேன் 500. பயணக் காப்புறுதி 315. இந்த மூன்றும் சேர்ந்தபோது மொத்தம் 10,863 ஆகி, தலைக்கு 1,207 ரிங்கிட்டாக உயர்ந்தது. மலிவுப் பயணம் பற்றிப் பேசுகிறவர்கள் விமானச் சீட்டின் விலையையே சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். சீட்டு மலிவாக இருக்கும்போதுதான் இந்தச் சில்லறைச் செலவுகள் பெரிதாகத் தெரிகின்றன. இங்கே அவை ஐந்து பேரின் விமானச் செலவைவிட அதிகம்.

சுற்றுலா முகவர் ஒருவர் நான்கு நாள் தொகுப்புக்குத் தலைக்கு 1,090 ரிங்கிட் கேட்டார். அவருடைய உரிமம் சுற்றுலா அமைச்சில் சரிபார்க்கப்பட்டது, அதில் குறையில்லை. ஆனால் விடுபட்ட மூன்று செலவுகளும் அந்தத் தொகுப்பிலும் இல்லை, கடைகளில் கட்டாய நிறுத்தங்கள் இருந்தன, உணவு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது. கடைசிக் காரணமே அதை மறுக்க வைத்தது. அது ஏன் என்பது பின்னர் வரும்.

குறுக்கப்பட்ட திட்டம்

இந்தப் பயணத்தின் முதன்மையான முடிவு 2024 மார்ச்சில் எடுக்கப்பட்டது. தலைக்கு 1,207 என்பது சராசரி மட்டுமே. காவலாளித் தம்பதியரிடம் சேமிப்பு இருந்தது. தொழிற்சாலைப் பெண்மணிக்கு மிகைநேர வருமானம் உண்டு. ஐந்து பேர் கொண்ட முதல் குடும்பத்தின் பங்கைத் தனியே எடுத்துப் பார்த்தபோது 5,732 ரிங்கிட் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக இருந்த அந்த ஆண்டில், வீட்டுத் தவணையும் பிள்ளைகளின் செலவும் போக அவர்களால் மாதம் 450 ரிங்கிட்தான் ஒதுக்க முடிந்தது. மார்ச் முதல் டிசம்பர் வரை பத்து மாதத்தில் 4,500, தீபாவளி போனசிலிருந்து 800, ஆக 5,300.

பற்றாக்குறை 432 ரிங்கிட்தான், மற்ற இரு குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு கருத்து வந்தது. கொடுப்பவர்களுக்கு அது மனமுவந்த உதவி. வாங்குபவருக்கோ ஐந்து நாளும் எதைச் சாப்பிட்டாலும் தொண்டையில் நிற்கும் கடன். ஆகவே பயணத்தையே அந்தக் குடும்பத்தின் அளவுக்குக் குறைப்பதென முடிவாயிற்று. பெராஸ்தாகி மலைநகரில் தங்குவது நீக்கப்பட்டு, திட்டம் நான்கு நாள், மூன்று இரவுகளானது. மொத்தம் 9,681 ரிங்கிட்டாகவும் முதல் குடும்பத்தின் பங்கு 5,101 ஆகவும் இறங்கியது. அங்கே எரிமலை பார்க்க ஆசைப்பட்ட 19 வயது இளைஞருக்கு இது ஏமாற்றமே. அவர் அதை மறைக்கவுமில்லை.

பங்கீட்டு விதியும் அப்போதே எழுதப்பட்டது. விமானம், கடப்பிதழ், காப்புறுதி ஆகியவை அவரவர் செலவு. அறைகள் எடுத்த எண்ணிக்கைப்படி. வண்டியும் படகும் தலைக்கணக்கில். வாங்கும் பொருள்கள் கணக்கிலேயே வராது.

பணத்தைக் கூட்டுச் சீட்டாகப் போடலாம் என்ற யோசனையும் வந்தது. கூட்டில் மாதத்திற்கு ஒருவர் கையில்தான் பணம் வரும். இங்கோ எல்லாருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவை. தவிர, கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; நட்புக்குள் நடந்தாலும் ஒருவர் தவறினால் முறையிட இடமில்லை. எனவே ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, மாதந்தோறும் கட்டிய ரசீதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்தது. செப்டம்பரில் விமானச் சீட்டு வாங்கும்வரை பொதுப் பணம் என்று எதுவும் யார் கையிலும் இல்லை. அவசர நிதியாகத் தலைக்கு 100 ரிங்கிட் வைக்க வேண்டியிருந்தபோது, முதல் குடும்பம் தன்னிடம் மிஞ்சியிருந்ததைப் போட்டது. குறைந்ததை மற்றவர்கள் முன்பணமாக ஏற்று, தேவைப்பட்டால் பிப்ரவரி இறுதிக்குள் தீர்ப்பதென எழுதிவைத்தனர்.

நாளும் விரதமும்

கெடாவில் அந்தக் கல்வியாண்டின் நீண்ட விடுமுறை 2025 ஜனவரி 17 முதல் பிப்ரவரி 15 வரை. அதற்குள் ஜனவரி 29 சீனப் புத்தாண்டும் பிப்ரவரி 11 தைப்பூசமும் வந்தன. புத்தாண்டை ஒட்டிய நாள்களில் விமானக் கட்டணம் இரட்டிப்புக்கு அருகில் இருந்தது. தைப்பூசத்திற்குப் பின் பள்ளி தொடங்கும் செலவு காத்திருந்தது. எஞ்சிய இடைவெளி ஜனவரி 20 திங்கள் முதல் 23 வியாழன் வரை. வட சுமத்திராவில் ஆண்டின் இறுதி மாதங்களோடு ஒப்பிட்டால் மழை குறைந்த காலமும் அதுவே. கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால், திரும்பியதும் ஓய்வெடுக்க இரண்டு நாள் கிடைத்தது.

இடையூறு ஒன்றுதான். காவலாளி அந்த ஆண்டு காவடி எடுப்பதாக வேண்டுதல்; 48 நாள் விரதத்தின் நடுவில் அந்தத் தேதிகள் விழுந்தன. தோபாவைச் சுற்றி வாழும் பாத்தாக் மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள்; பன்றி இறைச்சி அங்கே அன்றாட உணவு. தோஃபு, சோயாவில் செய்யும் தெம்பே, காய்கறிகள் எளிதில் கிடைத்தாலும், சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும், சட்டியும் தனியாக இராது. ஆகவே சமையலறையைப் பயன்படுத்த அனுமதிக்கும் சிறிய விடுதியாக, ஏரியின் நடுவிலுள்ள சமோசிர் தீவின் துக்துக்கில் தேடினார்கள். ஒரு குடும்பத்தின் பெட்டியில் மின்சாரச் சோற்றுப் பானையும் பருப்பும் ரசப்பொடியும் ஊறுகாயும் ஏறின. பயணத் திட்டத்தில் இதைவிடச் சிக்கனமான முடிவு வேறில்லை என்பது பிறகு தெரிந்தது.

பயணத்தில் நடந்தவை

முதல் நாளே திட்டம் பிசகியது. காலை விமானம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் தாமதமானது. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிப்படி, இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்திற்கு உணவு கேட்டுப் பெறலாம். இளைஞர் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டபோது ஒன்பது பேருக்கும் உணவு கிடைத்தது. காப்புறுதி உதவவில்லை, அவர்கள் எடுத்திருந்த திட்டத்தில் ஆறு மணி நேரத் தாமதத்திற்கு மேல்தான் இழப்பீடு.

மேடானில் கடிகாரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால் இழந்த நேரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்ததுபோல் தோன்றியது. ஆனால் சூரியன் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அங்கே மாலை சீக்கிரமே இருட்டிவிடும். குவாலானாமு விமான நிலையத்திலிருந்து தெபிங் திங்கி வரை விரைவுச்சாலையில் விரைந்தாலும், அதற்குப் பிறகு மலைப்பாதை. வளைவுகளில் தாயாருக்கும் சிறிய பிள்ளைக்கும் குமட்டல் எடுத்ததால் இருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் உள்ள அஜிபாத்தாத் துறையை அடைந்தபோது வண்டிகளை ஏற்றிச் செல்லும் கடைசிப் படகு போய்விட்டிருந்தது.

தனியார் சிறுபடகு ஒன்று இரவிலும் சமோசிர் தீவுக்குக் கொண்டுவிட முன்வந்தது. கேட்ட தொகை, கரையில் தங்குவதைவிடக் குறைவு. பெண்கள் மறுத்தனர். 2018 ஜூன் 18 அன்று இதே ஏரியில், கொள்ளளவை மீறி ஆட்களை ஏற்றிய சினார் பங்குன் என்ற படகு மூழ்கி 160க்கு மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போனதைப் புறப்படும் முன்பே படித்திருந்தனர்; ஏரியின் ஆழம் 500 மீட்டரை எட்டுகிறது. முன்வந்த படகில் உயிர்காப்பு மேலங்கிகள் ஒன்பது இல்லை. முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கரையிலேயே உள்ள பராப்பாட்டில் நான்கு அறைகளுக்கு 14 லட்சம் ரூப்பியா, அதாவது 389 ரிங்கிட் செலவானது. துக்துக் விடுதிக்காரர் முன்பணம் வாங்கியிருக்கவில்லை. தொலைபேசியில் நிலைமையைச் சொன்னபோது முதல் இரவுக்குப் பாதி வாடகை கேட்டார். அது நியாயமென்று ஒத்துக்கொண்டு 181 ரிங்கிட் கொடுத்தனர்.

இரண்டாம் நாள் காலை முதற்படகில் தீவுக்குச் சென்றனர். அம்பாரிதாவின் பழைய கல் இருக்கைகளையும் தோமோக்கில் உள்ள அரசர் கல்லறைகளையும் பார்த்துவிட்டு, பிற்பகல் முழுவதும் விடுதியிலேயே கழித்தனர். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் தாயாருக்குத் தாங்கவில்லை. மகன் தன் மேலங்கியைக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார். சோறும் ரசமும் பொரித்த தெம்பேயும் விடுதிச் சமையலறையில் தயாராயின. விரதக்காரருக்காகச் சமைக்கத் தொடங்கியது எல்லாருக்குமான சாப்பாடாக மாறிவிட்டது.

மூன்றாம் நாள் மாலை மேடானில் கம்போங் மெட்ராஸ். மாரியம்மன் கோயிலில் பூசைக்குப் பின், தாயார் அங்கிருந்த முதியவர் ஒருவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தார். பதில் பாதி தமிழிலும் பாதி இந்தோனேசிய மொழியிலும் வந்தது. எந்தத் தோட்டம், எந்த ஊர் என்ற கேள்விகளிலேயே அரை மணி நேரம் ஓடிற்று. மறுநாள் மைமூன் அரண்மனையையும் வேளாங்கண்ணி மாதா கோயிலையும் பார்த்துவிட்டு மாலை விமானத்தில் திரும்பினர், அதில் தாமதமில்லை.

கணக்கு முடித்தபோது

தங்குமிடம் 1,222க்குப் பதில் 1,431 ரிங்கிட். மலைப்பாதையில் பொறுமையாக ஓட்டிய ஓட்டுநருக்கு அன்பளிப்பும் ஓர் இரவுத் தங்கல் செலவும் சேர்ந்து வண்டிச் செலவில் 100 கூடியது. படகு, நுழைவுக் கட்டணங்களில் 55 அதிகம். உணவில் மட்டும் 1,500 ஒதுக்கியதில் 1,215தான் செலவாகி, 285 மிஞ்சியது. எல்லாம் போக, திட்டத்தைத் தாண்டியது 79 ரிங்கிட், மொத்தம் 9,760. அவசர நிதியின் பெரும்பகுதி அப்படியே திருப்பித் தரப்பட்டது. முதல் குடும்பத்தின் செலவு 5,135 ரிங்கிட்டில் நின்றது. முன்பணம் எதுவும் தொடப்படவில்லை. நகை வீட்டிலேயே இருந்தது.

முகவரின் தொகுப்போடு ஒப்பிட்டால், அதே வகைச் செலவுகளில் தலைக்கு 230 ரிங்கிட்டுக்கு மேல் குறைவு. இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்: இளைஞர் பல வாரங்கள் இரவில் உட்கார்ந்து செய்த பதிவுகளுக்கும் விலை விசாரிப்புகளுக்கும் யாரும் கூலி போடவில்லை. அத்தகைய ஒருவர் இல்லாத குழுவுக்குத் தொகுப்பே பொருத்தமாக இருக்கலாம். தாமதமான நாளில் மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அப்போது முகவருடையதாகிவிடும்.

பணம் மாற்றியதிலும் ஒரு குறிப்பு உண்டு. பாதியைப் பினாங்கில் மாற்றிக்கொண்டு, மீதியை மேடானில் மாற்ற எண்ணியிருந்தனர். ஏரிப் பகுதியில் சிறு விடுதிகளும் கடைகளும் ரொக்கமே கேட்டதால், நேரே தோபாவுக்குப் போன அவர்களுக்கு இரண்டாம் நாளே கை கடித்தது. நூறாயிரம் ரூப்பியா என்றால் 28 ரிங்கிட் என்று அட்டையில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தது நன்றாக உதவியது. பெரியவர்களும் அதையே எட்டிப் பார்த்துக்கொண்டனர்.

அடுத்த திட்டத்தில் மாற்றப்படுபவை

முதல் இரவைத் தீவில் வைக்கும் வரிசை மாற்றப்படுகிறது. விமானம் எவ்வளவு காலையில் இருந்தாலும் முதல் இரவு வழியிலுள்ள பெமாத்தாங் சியாந்தாரிலோ பராப்பாட்டிலோ இருக்கும்; மறுநாள் பகலில் மட்டுமே ஏரியைக் கடப்பது. காப்புறுதி வாங்கும்போது தாமத இழப்பீடு எத்தனை மணி நேரத்தில் தொடங்குகிறது என்பது விலைக்கு முன்பாகப் பார்க்கப்படும். முதல் இரண்டு நாளுக்குத் தேவையான ரூப்பியா முழுவதும் புறப்படும் முன்பே மாற்றப்படும். குளிராடை பெட்டியில் முதலில் ஏறும்.

காலம் பற்றிய முடிவில் மாற்றமில்லை. இதே பட்டணத்தின் வேறொரு குழு, 2025ஆம் ஆண்டின் இறுதியில் செல்ல விரும்பி இந்தக் கணக்கேட்டைக் கேட்டபோது, அதே ஜனவரி இடைவெளியே பரிந்துரைக்கப்பட்டது. அந்த நவம்பர் இறுதியில் சென்யார் புயலையொட்டி வட சுமத்திராவில் பெருவெள்ளமும் நிலச்சரிவும் ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அக்குழு அந்த ஆண்டு சுமத்திராத் திட்டத்தையே கைவிட்டது.

நான்காவது குடும்பத்தின் தாயாருக்குக் குடியுரிமை விண்ணப்பம் எழுத உதவி தேடப்படுகிறது. அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதற்காகக் காத்திராமல், கடப்பிதழ் தேவைப்படாத லங்காவிக்குக் கோலக் கெடாவிலிருந்து படகில் நான்கு குடும்பங்களும் சேர்ந்து செல்வதற்கான புதிய கணக்கு தொடங்கப்பட்டிருக்கிறது. அதில் முதலில் எழுதப்பட்ட எண், மாதந்தோறும் மிகக் குறைவாக ஒதுக்கக்கூடிய குடும்பத்தின் தொகை: 180 ரிங்கிட். நாள்களின் எண்ணிக்கை இன்னும் நிரப்பப்படவில்லை.